சாமி வந்தால் அப்பா பயந்துவிடுவாரா?



பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்குப் போனால், தன்னம்பிக்கை, கணவன் மனைவி உறவு, பிள்ளை வளர்ப்பு பற்றிய நூல்களைத் தேடி வாங்குகிறோம். நல்லதுதான். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1859-லேயே ‘நீதிநூல்’ எழுதி, குடும்பத்தில் அவரவர் கடமையைச் சொல்லிவைத்தார். ஆனால் சாவைப் பற்றிய புத்தகம் என்றால் மட்டும், அபசகுனம் என்று கை பின்வாங்குகிறது.

அப்படியொரு புத்தகம் 1969-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். 1965-இல் சிகாகோவில் இறையியல் மாணவர்கள் நால்வர், மரணத்தை எதிர்கொள்வோரைப் பற்றி அறிய அவரிடம் உதவி கேட்டார்கள். நோயாளிகளிடமே கேட்டுவிடலாம் என்று அவர் மருத்துவமனையில் விசாரித்தார். சாகும் நிலையில் இங்கே யாரும் இல்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனையில்! இருந்தும் அவர் விடவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பேசினார். பேச மறுத்தவர்கள் மிகச் சிலரே. யாரும் சொல்லாமலே பலருக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று பிள்ளைகள் திண்ணையில் மெதுவாகப் பேசுகிறார்கள். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அப்பாவும் தெரியாததுபோல் படுத்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக அழுகிறார்கள். வரப்புத் தகராறில் பேசாமல்போன தம்பியை ஒருமுறை பார்க்க அவருக்கு ஆசை இருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

நோயில் பூசுதலும் இப்படித்தான் தள்ளிப்போகிறது. ‘சாமி, இப்ப வரவேண்டாம். ஒங்களப் பாத்தா அப்பா பயந்துருவாவ’ என்கிறார்கள். நினைவு தப்பி, மூச்சு இழுக்கும்போது போன் வருகிறது. முன்பு ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று சொன்னதால் வந்த பயம் இது. இந்த அருளடையாளம் சாகும் தருவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே தெளிவாக்கிவிட்டது. நோயுற்றவர் தம் வாயாலேயே ‘ஆமென்’ சொல்லிப் பெறவேண்டிய ஆறுதல் இது. வாய்ப்பிருந்தால் ஒப்புரவும் நற்கருணையும் பெறலாம். இதைப் பெற்று உடல் தேறியவர்களும் உண்டு.

நோயாளியிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மனசுல என்னப்பா இருக்கு?’ என்று கேளுங்கள். அவர் பேசும்போது, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று வாயை அடைக்காதீர்கள். பேரப்பிள்ளைகளையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார விடுங்கள். எந்தப் பிள்ளை வளர்ப்பு நூலும் கற்றுத்தராத பாடத்தை அவர்கள் அங்கே கற்பார்கள்.

உங்கள் வீட்டில் நோயில் படுத்திருப்பவர் யாராவது இருந்தால், அவர் பேசும் தெம்போடு இருக்கும்போதே உங்கள் பங்குச் சாமியைக் கூப்பிடுங்கள். இந்த வாரமே கூப்பிடுங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.