சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

 

"வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குக் கல்வி தந்தான்" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். அதைச் சற்று விசாரிப்போம்.

1789-இல் எழும்பூரில், பட்டாளத்தாரின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். ஓலை வேண்டாம், காகிதம் வேண்டாம், செலவே இல்லை! தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. உடனே பெல், கற்ற சிறுவனைக் கொண்டே கல்லாத சிறுவருக்குப் பாடம் சொல்ல வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான், வேறு யார்? 1797-இல் அவர் இலண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் அதில் பயின்றார்கள்.

1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ, கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதாவது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சில காலம் முன்புவரை இருந்ததைவிட இது மேல் என்று மன்றோவே எழுதினார். ஆனால் பல்லாரி கலெக்டர் கேம்பெல், மக்கள் வறுமைப்பட்டதால் பள்ளிகள் தேய்வதையும் மறைக்காமல் எழுதினார்.

இதைக் கேட்டுப் பூரித்துவிட வேண்டாம். அக்கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை என்று சொல்லலாம். அந்தக் குற்றம் வெள்ளையருடையதன்று, நம்முடையது.

பின்பு வந்தார் மெக்காலே. 1834-இல் சென்னையில் இறங்கி, உதகையில் சில மாதம் தங்கிக் கல்கத்தா போனவர். தமக்குச் சமஸ்கிருதமும் அரபும் தெரியாதென்று 1835-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒப்புக்கொண்டே, அம்மொழி நூல்களெல்லாம் ஐரோப்பிய நூலக அலமாரியின் ஒரு தட்டுக்கு ஈடாகா என்று தீர்ப்பளித்தார். படிக்காமலே மார்க்குப் போட்ட வாத்தியார்!

ஆனால் நம்மவர் மனத்தை மாற்றியது அந்தத் தீர்ப்பு மட்டும் என்று நான் எண்ணவில்லை. 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலம் கற்றவருக்கே சர்க்கார் உத்தியோகத்தில் முதலிடம் என்றார். எந்தத் தகப்பன் அதன்பின் திண்ணைக்குப் பிள்ளையை அனுப்புவான்?

அந்த ஆங்கிலத்தைக் கற்று முன்சீப் ஆனவர்தான் நம் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார். அதற்கு முன்பே, திண்ணை மறந்துவிட்ட பெண்களின் படிப்புக்காகவும் தமிழிலேயே நூல் செய்தார்.