ஈயப் புரவிகளும் பழைய வண்ணமும்



சதுரங்கம் என்னும் சொல் யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைப் படையையும் குறிப்பது. பலகையின்மேல் போர் நடத்தும் அவ்விளையாட்டு இந்திய மண்ணில் தோன்றிப் பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றது என்பது நாடறிந்த செய்தி. அங்கே 1780இல் பிரன்ஸ்விக் நகரின் எல்விக் என்பார் பலகையின் கட்டங்களைப் பெருக்கி, நிலத்தின் தன்மையைக் காட்டும் நிறங்களை அவற்றுக்கு இட்டு, போர்க்கலை பயிற்றும் கருவியாக அதனை மாற்றினார். படைத்துறையினர் கையிலிருந்த இவ்வகை ஆட்டத்தை வீட்டுக்கூடத்திற்குக் கொண்டுவந்து பரப்பியவருள் முதன்மையானவர் புதின ஆசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் வெளியான அவருடைய 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில், வில்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் ஈயப் படைவீரரை உண்மையாகவே சுட்டு வீழ்த்துவர். அப்பீரங்கியின் இடத்தைப் பகடை பின்னர் பெற்றது. பொம்மைகளுக்கு அது நல்லூழ் எனலாம்.

ஈண்டு பேசப்படுவது இம்மரபின் ஒரு கிளை. பழங்காலக் குதிரைப்படைகளின் உலோகச் சிற்றுருவங்களைத் திரட்டி, வண்ணந்தீட்டி, போர்விளையாட்டு மேசையில் அணிவகுத்து நிறுத்தும் கலை அது. இலக்கிய அரங்கில் இதற்கு என்ன இடம் என வினவுவார்க்கு விடை போகப்போகப் புலப்படும்.

இங்கிலாந்தில் பழங்காலப் போர்களை மேசைக்குக் கொணர்ந்த முன்னோடி டோனி பாத். 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' என்னும் கழகம் 1965இல் அவர் முயற்சியால் தோன்றியது. 'ஸ்லிங்ஷாட்' என்பது அதன் இதழ். அவர் வாழ்ந்த சவுத்தாம்டன் நகரிலேயே நெவில் டிக்கின்சனின் 'மினிஃபிக்ஸ்' நிறுவனமும் வளர்ந்தது. யார்க்‌ஷயரில் 'ஹிஞ்ச்கிளிஃப்' நிறுவனத்திற்காகப் பீட்டர் கில்டர் வடித்த 25 மில்லிமீட்டர் உருவங்கள் 1970களின் அடையாளமாகவே ஆயின. இன்று 'பழையவை' என்று சேகரிப்போர் தேடுவன பெரும்பாலும் இக்காலத்து வார்ப்புகளே.

அவற்றின் இயல்பைக் கைப்பட அறிந்தவரே அவற்றின் அருமையை உணர்வர். ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகத்தை உருக்கிச் சுழலும் இரப்பர் அச்சில் வார்த்தனர். குதிரையையும் வீரரையும் தனித்தனியே வார்த்து விற்பது பெருவழக்கு. ஆதலின் ஒரே புரவி ஒருநாள் உரோமானியனையும் மறுநாள் பார்த்தியனையும் சுமக்கும். மெல்லிய கால்கள் எளிதில் வளையும். நிமிர்த்தலாம், ஆயினும் பன்முறை நிமிர்த்தினால் ஒடியும். முறிந்த ஈட்டிக்கு எஃகுக் கம்பியே மாற்று. குதிரையின் உடலுக்கு வெளிர்நிறம் பூசி உலரவிட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தைத் தடவித் துணியால் துடைத்தெடுக்கும் பழைய முறை ஒன்றுண்டு. மேட்டில் வெளிர்நிறம் விளங்கும். பள்ளத்தில் கருநிறம் தங்கும். தசையின் திரட்சி தானே எழுந்துவிடும். நுண்தூரிகை கொண்டு நாள்கணக்கில் உழைப்போரும் இத்துணியின் முன் சற்று நாணவேண்டும்.

எந்த நிறம் தீட்டுவது என்பது அடுத்த வினா. 1887இல் சீதோனில் கண்டெடுத்து இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள 'அலெக்சாந்தர் பேழை'யில் பழைய நிறத்தின் சுவடுகள் எஞ்சியுள்ளன. பாம்பேயில் 1831இல் வெளிப்பட்ட தரைச்சித்திரத்தில் அலெக்சாந்தர் வேலேந்திப் பாய்கிறார். அங்கவடி அக்காலத்தில் இல்லை. சிரியாவின் தூரா யூரோபசில் குதிரைக்குரிய செதிற்கவசமே முழுமையாகக் கிடைத்தது. கி.மு. 53இல் காரே களத்தில் கிராசசின் படையைச் சிதைத்த பார்த்தியரின் கவசக்குதிரைகளைத் தீட்ட முனைவோர் முதலில் நாடும் சான்று இதுவே. அப்போரில் உடல்மூடிய கவசவீரர் ஆயிரவர் என்கிறார் புளூட்டார்க். விற்குதிரையாளரோ அதனினும் மிகப்பலர்.

இச்சான்றுகள் பெருகப்பெருக ஓர் இடர்ப்பாடும் பெருகுகிறது. அங்கவடி இல்லாத வீரன் வேலோடு பாய்தல் அரிது என்று 1960களில் பரவலாக நம்பினர். நாற்கொம்புச் சேணத்தை மீட்டுருவாக்கி ஏறிப்பார்த்த ஆய்வாளர் அக்கருத்தைத் தளர்த்தினர். ஆகவே ஒவ்வொரு சிற்றுருவமும், தான் காட்டும் காலத்தை மட்டுமன்றித் தான் வார்க்கப்பட்ட ஆண்டின் அறிவையும் சுமந்து நிற்கிறது. அதன்மேல் உள்ள வண்ணமோ மூன்றாவதாக ஒருவரின் சான்று. எவரோ ஒருவர், அன்று கிடைத்த நூலைப் படித்து, அன்று கிடைத்த எனாமலைக் கொண்டு, இரவு விளக்கில் தீட்டியது அது.

அந்தத் தலைமுறையினர் மறைய மறைய அவர்தம் படைகள் விற்பனைக்கு வருகின்றன. நாற்பதாண்டு சேர்ந்துநின்ற அணி பத்துப் பேர் கைக்குப் பிரிந்து போகிறது. வாங்கியவர் முதலில் எண்ணுவது, பழைய வண்ணத்தைக் கரைத்தெடுத்துப் புதிதாகத் தீட்டுவதா, இருந்தவாறே காப்பதா என்பதே. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் அறிந்த இடர்ப்பாடன்றோ இது! பிழையெனத் தோன்றிய பாடத்தைத் திருத்திவிட்டு, மூலத்தையும் போக்கிவிட்டவர்களால் தமிழ் இழந்தவை எத்தனை!

கரைத்தெடுப்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. காடி ஆவியை வெளிவிடும் ஓக் மரப்பேழையில் பூட்டிவைத்த ஈயம், வெண்பொடியாக உதிரத் தொடங்கும். அந்நோய் வண்ணத்திற்கு அடியிலும் பரவவல்லது. பொடியோ நஞ்சு, கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. நோயுற்ற உருவத்தை மெய்யாகவே களைந்து, தூய்மைசெய்து, முதற்பூச்சு இட்டுத்தான் காக்கமுடியும். வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு இவ்வச்சம் குறைவு.

ஆயின் நோயற்ற உருவத்தையும் 'இன்றைய பாணியில் இல்லை' என்பதற்காகவே உரித்தெடுப்பதை ஏற்க இயலாது. மின்னும் பழைய மெருகெண்ணெய் இன்று பலர்க்குப் பிடிப்பதில்லை. ஆனால் நூறு கைகள் தொட்டுநகர்த்திய படையை அரை நூற்றாண்டு காத்தது அந்த மெருகே. சேணத்தில் ஒரு பிழை இருந்தால் இருக்கட்டும். அணியில் குறைந்த புரவிக்கு ஈடாகப் புதிதாகச் சேர்ப்பதைப் பழைய கைவண்ணத்தையொட்டித் தீட்டுவோர் சிலர் உளர். அவர்களது பொறுமை போற்றத்தக்கது.

மேசை விதிகளும் ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. 1990களில் பரவிய விதிமுறைகளின்படி, 25 மில்லிமீட்டர் உருவங்களுக்கு 60 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் அடித்தட்டில் வழக்கமான குதிரைவீரர் மூவர், இலகு குதிரைவீரராயின் இருவர். இவ்வளவுக்கேற்பப் பழைய அட்டைத்தட்டுகளைப் பெயர்த்தெறிந்தோர் பலர். அத்தட்டுகளின் அடிப்புறத்தில்தான் முதல் உரிமையாளர் படைப்பிரிவின் பெயரையும் சிலபோது தீட்டிமுடித்த ஆண்டையும் எழுதிவைப்பது வழக்கம். சுவடியின் இறுதியில் எழுதியவர் தம் பெயரும் நாளும் குறிப்பதுபோன்றதே அது. தட்டை மாற்றியே தீரவேண்டுமாயின், முதலில் அதனைப் படமெடுத்துக்கொண்டு, பின் அவ்வெழுத்துள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய தட்டின் அடியில் ஒட்டிவிடலாம். கத்தியும் சிறிது பசையும் போதும்.