எச்சில் சோறும் ஈப்புழுவும்
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் இவன் புழுவைப் பற்றிப் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். இதுவும் கூலியைப் பற்றிய பேச்சுத்தான்.

நம் நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறதென்று அரசாங்கக் கணக்குக் கூறுகிறது. ஈப்போவின் சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சுவதும் அதில் அடக்கம். அது குப்பைமேட்டில் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு எழும்பி உலகைச் சூடாக்குகிறது. எலியும் வீட்டு ஈயும் பெருகுகின்றன. மறுபுறம், கோழித் தீவனத்துக்கான சோளத்தையும் சோயாவையும் கப்பலில் வரவழைக்கிறோம். அங்கே விலை ஏறினால் நம் லயத்துக் கோழிக்கூண்டிலும் செலவு ஏறுகிறது. ஒரு கையால் எறிகிறோம், மறு கையால் விலை கொடுத்து வாங்குகிறோம். இது என்ன நியாயம்?

இவ்விரண்டையும் இணைக்க ஒரு பூச்சி இருக்கிறது. 'கறுப்புப் படைவீரன் ஈ' என்பது அதன் பெயர். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, வெப்ப நாடுகளெங்கும் பரவியது. பார்வைக்குக் குளவி, ஆனால் கொட்டாது. சோற்றுத் தட்டைத் தேடி வரும் வீட்டு ஈயின் குணமும் அதற்கில்லை. வளர்ந்த ஈ ஏறத்தாழ ஒரு வாரமே வாழும். சில நூறு முட்டைகளை இட்டு மடியும். முட்டை நான்கு நாளில் பொரியும். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான்.

சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தோனேசியாவின் சிடோவார்ஜோவில் இதைச் செய்து பார்த்து, 2017ல் கைநூல் வெளியிட்டனர். ஐந்து நாள் வயதான 10,000 புழுக்களுக்கு, 12 நாளில் 15 கிலோ ஈரக் கழிவு என்பது அவர்கள் கணக்கு. கழிவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். கோழிக்கும் மீனுக்கும் போடலாம். எஞ்சும் சக்கையை மக்கவைத்தால் காய்கறிக்கு உரம்.

நானும் வீட்டுப் பின்புறம் ஒரு தொட்டி வைத்தேன். முதல் தடவை குழம்பும் ரசமுமாகக் கொட்டிவிட்டேன். நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரி திட்டித் தீர்த்தாள். புழுக்களும் தப்பி ஓடின. பிறகுதான் கற்றேன். கழிவைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டே வரவேண்டும். ஈரம் மிகுந்தால் தவிடு கலக்கவேண்டும். நேர் வெயிலும் மழையும் ஆகா. பிளாஸ்டிக்கும் சவர்க்கார நீரும் கலக்கக்கூடாது. முற்றிய புழு கறுத்து, ஈரத்தை விட்டுத் தானே ஏறி வரும். சரிவாக ஒரு பலகை வைத்தால் வாளியில் வந்து விழும்.

இனிச் சங்கத்தின் பேச்சுக்கு வருகிறேன். பேராக்கின் கித்தாக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டது. எஞ்சிய காலி நிலத்தில் யாராவது லாரி லாரியாகக் கழிவைக் கொட்டி, காலையில் மரம் வெட்டியவர்களை மாலையில் புழு அள்ள அழைத்தால், நாம் என்ன சொல்வது? லயத்துக்கு எவ்வளவு தூரத்தில் கொட்டுவீர்கள்? கையுறை, காலணி தருவீர்களா? மிகைநேரக் கூலி எவ்வளவு? இவற்றை முதலில் கேட்போம், எழுத்தில் வாங்குவோம். 'குப்பை வேலைதானே' என்று கூலியைக் குறைக்க ஒருபோதும் இடம் கொடோம்!

அதைவிட நாமே முன்வரலாகாதா? சுங்கை சிப்புட் தந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டம் வாங்கிய இனத்துக்கு நான்கு தொட்டி வைப்பது மலையா? பத்துக் குடும்பங்கள் சேரட்டும். கழிவு எத்தனை கிலோ, புழு எத்தனை கிலோ, தீவனச் செலவில் மிச்சம் எவ்வளவு என்று கிராணிமார்கள் கணக்கு எழுதட்டும். ஆறு மாதம் கழித்து, இதே மேடையில் அந்தக் கணக்கைப் படிப்போம். லாபமானால் பெருக்குவோம், நட்டமானால் நிறுத்துவோம்.

புழுவுக்கு அஞ்ச வேண்டாம், தோழர்களே! நம் உழைப்பின் பலனைப் பிறர் தின்பதற்கே அஞ்சவேண்டும்.