போதகர் சம்பளமும் பொதுப் பெட்டியும்



"வேலைக்கு வெளியே என்னப்பா செய்யிறே?" என்று துறைத்தலைவர் கேட்டார். ஊரில் எங்கள் சின்னச் சபைக்குப் பொருளாளர் என்றேன். "அதையே பேசு" என்றுவிட்டார். மெக்கானிக்கல்காரன் காணிக்கைக் கணக்குப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள்.

சி.எஸ்.ஐ. திருமண்டலங்களில் சேகரங்கள் பணம் கட்டுகின்றன. குருமாருக்குத் திருமண்டலமே சம்பளம் தருகிறது. எங்களைப் போன்ற தனிச் சபைகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. எங்களிடம் முப்பது குடும்பம், பாதிப்பேர் கூலி வேலை. மழைக்காலத்தில் காணிக்கைப் பை இளைத்தால் போதகர் சம்பளமும் இளைக்கும். ஒரு வருஷம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, சபையில் வசதியான ஒருவரிடம் அவர் கைநீட்ட வேண்டியதாயிற்று. அதே மனிதர் தன் வேலையாட்களுக்கு வாரக்கணக்கில் கூலி பாக்கி வைத்திருந்தார். போதகர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்?

இது புதுப் பிரச்சினை அல்ல. 1843இல் ஸ்காட்லாந்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட குருமார் அரசுத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். வீடும் வருமானமும் போயிற்று. தாமஸ் சால்மர்ஸ் என்பவர் அவர்களுக்காக ஒரு பொது நிதி வகுத்தார். வாரம் ஒரு பென்னி என்பது அவர் கணக்கு. எல்லாச் சபைகளின் பணமும் ஒரே பெட்டிக்குப் போய், குருமாருக்குச் சமபங்காகத் திரும்பும். நகரத்துச் சபை கொடுத்ததில் மலைநாட்டு ஏழைச் சபையின் குருவும் சாப்பிட்டார். (அந்தப் பக்கம் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜான் ஆண்டர்சன். 1837இல் அவர் சென்னையில் நடத்தத் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு கிறிஸ்தவக் கல்லூரியானது.)

அதில் ஒரு ஓட்டையும் இருந்தது. எப்படியும் சமபங்கு வந்துவிடும் என்று, முடிந்த சபைகள் சிலவும் குறைத்தே அனுப்பின. சால்மர்ஸே நொந்துகொண்டார்.

நாங்கள் பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து, ஐந்து சபைக்கும் ஒரே பேங்க் கணக்கு தொடங்கினோம். ஓட்டையை அடைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது: எந்தச் சபை எவ்வளவு அனுப்பியது என்று மாதாமாதம் ஐந்து வாசலிலும் ஒட்டுவது. பெரிய சபைக்காரர்கள், "எங்க பணம் அவங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். இன்னும் முனகுகிறார்கள்; விலகினாலும் விலகுவார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு.

போன வருஷம் எங்கள் போதகர் கூலி பாக்கியைப் பற்றிப் பிரசங்கத்திலேயே பேசினார். அந்த வசதிக்காரர் மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிட்டது.

கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தப்பு கண்டுபிடிக்க விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டின்போது வாருங்கள்.