நம் கரையின் இளவேனில்

(நூற்றாண்டு விழா கவிதைப் போட்டியின் பரிசளிப்பில், நடுவர் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதைப் போட்டிக்கு ‘இளவேனில்’ என்று தலைப்புக் கொடுப்போம் எனச் செயற்குழுவில் முடிவானபோது எனக்கு உள்ளூர ஒரு தயக்கம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இதே மண்டபத்தில் நானும் மனனம் செய்திருக்கிறேன். ஆனால் சித்திரை மாத நடுப்பகலில் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே தென்றல் எப்படி வீசும் என்று!

பயந்தது போலத்தான் நடந்தது. கட்டாக வந்த தாள்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் குயில். மாந்தளிர், வண்டு, மலர்ச் சோலை. ஒரு பிள்ளை செர்ரிப் பூவே எழுதியிருந்தாள். இரண்டு மூன்று கவிதைகள் கைபேசி எழுதிக் கொடுத்தவை. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாததால் பிடித்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லமாட்டேன், சிரிக்க வேண்டாம்.

அந்தக் கட்டின் நடுவில் தரம் 10 மாணவி ஒருத்தியின் தாள் இருந்தது. தகப்பனார் உப்பளத்தில் வேலை செய்பவர். பாத்தியில் நீர் வற்றி உப்புப் பூக்கும் நாட்களைத்தான் அவள் வசந்தம் என்கிறாள். அவளுடைய அனுமதியோடு மூன்று வரி வாசிக்கிறேன்:

குயிலுக்கென்ன, கூவிவிட்டுப் போகும்.
மேகம் கூடினால்
எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

ஊரெல்லாம் மழைக்குக் கையேந்தும்போது, மழை வேண்டாமென்று வானத்தைப் பார்க்கும் ஒரு வீடு. 2025இல் காலம் தவறிப் பெய்த மழையில் புத்தளத்து உப்புக் கரைந்து, சுற்றிலும் கடலுள்ள இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. அதைப் பத்திரிகையில் நானும் படித்தேன். அந்த வீட்டின் அமைதி இந்த மூன்று வரியில்தான் எனக்குக் கேட்டது.

நடுவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. இதில் இளவேனில் எங்கே, இது தலைப்புக்கு வெளியே என்றார் ஒரு டீச்சர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரை மணித்தியாலம் பேசிய பிறகு அவரே அந்தத் தாளை எடுத்து மேலே வைத்தார்.

இரண்டாவது பரிசு உடப்புப் பிள்ளைக்கு. உடப்பின் கரைவலையையும், வலை இழுக்கும்போது பாடும் அம்பாவையும் அறியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேரின் வாயில் சந்தம் தப்பாமல் வந்த பாட்டு அது. வைகாசியில் நம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். மீனவர்கள் வாடியடிக்கக் கிழக்குக் கரைக்குப் போவார்கள். அப்பா பெட்டி கட்டுகிற காலம்தான் இந்தப் பிள்ளைக்கு இளவேனில். கவிதையின் ஓசை அம்பாவின் ஓசை. யாப்பு எங்கே படித்தாய் என்று கேட்டேன். “படிக்கல்ல டீச்சர், அப்பப்பா பாடுறது” என்றாள். (படிக்கவும் வேண்டும் மகள். வெண்பா எழுதத் தெரிந்துகொண்டு அதை விட்டுவிடுவது வேறு, தெரியாமலே விடுவது வேறு. இதில் நான் பழைய ஆள்தான்.)

மூன்றாவது கவிதை 1990ஐப் பற்றியது. அந்த ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்திறங்கியவர்களில் ஒருவர் இந்த மாணவியின் உம்மம்மா. ஓலைக் கொட்டிலின் பின்னால் அவர் நட்ட முருங்கை முதன்முதலாகப் பூத்த நாளை, தான் பிறப்பதற்கு முன்னமே நடந்த ஒன்றை, பேத்தி எழுதியிருக்கிறாள். ‘வசந்தம்’ என்ற சொல்லை இந்த நாட்டில் தொலைக்காட்சிக்கும் வைத்தார்கள், ‘வடக்கின் வசந்தம்’ என்று அபிவிருத்தித் திட்டத்துக்கும் வைத்தார்கள். ஒரு முருங்கைப் பூவுக்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். கல்பிட்டியில் 1807 மார்ச் 21ஆம் திகதி பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். நூலின் நீண்ட தலைப்பிலேயே புலவர்களோடு பெண்பாற் புலவர்களையும் சேர்த்துச் சொன்னார். யார் யார் கவிதை எழுதினார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையை நம் கரையில் பிறந்த ஒருவர் செய்திருக்கிறார். அவருடைய பிறந்த நாளைத்தான், அவரை அறியாமலே, யுனெஸ்கோ 1999இல் உலக கவிதை தினமாக அறிவித்தது. தற்செயல்தான், இருந்தாலும் நமக்குச் சந்தோஷம்.

ஆனால் கணக்கில் வராமல் போனவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பெண்களின் கவிதைகள் மட்டும் கொண்ட சிறிய புத்தகம். யாரோ சிலர் கூடித் தேடி, கேட்டு வாங்கி அச்சிட்டதால்தான் இன்றைக்கும் அவற்றைப் படிக்கிறோம். இல்லாவிட்டால் அவை கொப்பிகளிலேயே கிடந்திருக்கும்.

என் வகுப்பில் என்னைவிட நன்றாக எழுதியவள் ஒருத்தி இருந்தாள். வானொலிக்கு அனுப்பக் கவிதை எழுதுவாள். வீட்டில் தெரியக்கூடாது என்று என் விலாசத்தைப் போடுவாள். சாதாரண தரம் எழுதிய கையோடு கலியாணம். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் கண்டேன். “இன்னும் எழுதுறியா?” என்று கேட்டேன். “என்ன எழுதுறது?” என்று பேச்சை மாற்றிவிட்டாள். அவளுடைய கொப்பி எங்கே என்று நான் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்கலாம். என் கொப்பியும் இப்போது என்னிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் அதைப் பறிக்கவில்லை. வீடு மாறியபோது நானே பழைய பேப்பரோடு போட்டேன்.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கேடயம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிட வேண்டாம். பரிசு பெற்ற மூவருக்கும், பாராட்டுப் பெற்ற ஏனையோருக்கும், நம்மில் ஆளுக்கொருவர் பொறுப்பெடுப்போம். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நல்ல புத்தகம், எழுதியதை வாங்கி வாசிப்பது. அவர்கள் உயர்தரம் முடித்து, வேலைக்கோ கலியாணத்துக்கோ போன பிறகும் அந்த அழைப்பு நிற்கக்கூடாது. ஐந்து வருடம் கழித்து, சேர்ந்திருப்பவற்றை ஒரு சிறு நூலாக அச்சிடுவோம். பொருளாளர் என்னைப் பார்க்கிறார். முதல் காசு என்னுடையது. தரம் 10 பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன், போட்டிக்கு வராதீர்கள்.

இனி அவளே முழுக் கவிதையையும் வாசிப்பாள். தம்பி, ஒலிவாங்கியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள். வா மகள்.