மீட்பும் மீட்சியும்



பெங்களூரில் மல்லேசுவரத்துக்கு அருகே ஸ்ரீராம்புரம் என்று ஒரு பகுதி உண்டு. இப்பொழுது மெட்ரோ இரயிலுக்கும் அப்பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் காதில் பெரிதும் விழுவது தமிழே. பஞ்சாலைகளில் வேலை கிடைத்த காலத்தில் வடார்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் பலர் குடிபெயர்ந்து வந்தார்கள். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன. ராஜா மில் நின்ற இடத்தில் இன்று ஒரு பெரிய அங்காடி மாளிகை நிற்கிறது. மக்களோ அங்கேயே வேரூன்றிவிட்டார்கள்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய ஓர் இடம் எவ்வளவு ஆறுதல் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்பின் அறியாத நகரத்தில் ‘நீங்கள் தமிழா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதே கேள்வியைக் கேட்டு வலை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் இன்று பேசவிருப்பது அந்த வலையில் சிக்கிய பெண்களைப் பற்றியும், அவர்களுக்குப் புகலிடம் அளிக்கும் இல்லங்களைப் பற்றியும் ஆகும்.

ஆட்கடத்தல் என்றதும் முரடர்கள் ஒரு பெண்ணை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் காட்சியே நம் மனத்தில் எழுகிறது. திரைப்படங்கள் செய்த உபகாரம் இது. உண்மையில் பெரும்பாலும் அவள் தானே நடந்து வந்து இரயில் ஏறுகிறாள். வீட்டு வேலை, தையல் வேலை, நல்ல இடத்தில் சம்பந்தம் என்று ஏதோ ஒரு வாக்குறுதி முன்னே செல்கிறது. அழைத்துச் செல்பவர் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருக்கிறார். பேசும் மொழி அவளுடைய மொழியாகவே இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு மனிதரை வாணிகம் செய்வதைத் தடை செய்கிறது. 1956ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1986இல் திருத்தப்பெற்றது. அப்படியிருந்தும் அந்த வாணிகம் ஒழிந்தபாடில்லை.

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவது நம் தொழில். இப்பொருள் பற்றிய சுற்றறிக்கைகள் நம் மேசைக்கு வரும்போதெல்லாம் ஒரு சொல் நம்மை நிறுத்திவிடும். ‘மீட்கப்பட்ட பெண்’ என்று எழுதுகிறோம். இலக்கணப்படி பிழை ஏதுமில்லை. அடகு வைத்த நகையையும் நாம் மீட்கிறோம். நகைக்கு அதில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வட்டிக்கடைக்காரரின் இரும்புப் பெட்டியிலிருந்து நம் வீட்டு இரும்புப் பெட்டிக்கு அது இடம் மாறுகிறது, அவ்வளவே. நோயாளியைப் பற்றிச் சொல்லும்போதோ, ‘நோயிலிருந்து மீண்டான்’ என்கிறோம். மீட்டல் பிறவினை, மீளுதல் தன்வினை. பிறர் செய்வது மீட்பு, தானே அடைவது மீட்சி. காவல்துறையினர் ஓர் இரவில் மீட்பை முடித்துவிடலாம். மீட்சிக்கு ஆண்டுகள் பல ஆகும். அந்த ஆண்டுகளை அவள் எங்கே, எவ்வாறு கழிக்கிறாள் என்பதே கேள்வி.

கிறிஸ்தவ சமயத் தமிழில் ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. ஆன்ம விடுதலையையே அவர்கள் அச்சொல்லால் குறிக்கிறார்கள். சமய நம்பிக்கையால் உந்தப்பெற்று இத்தகைய இல்லங்களை அமைத்தவர்களிடம் இவ்விரு பொருள்களும் கலந்தே இருந்தன. அவர்களுடைய பலமும் அதுவே, அவர்களுக்கு நேர்ந்த சோதனையும் அதுவே. அவர்களுள் ஒருவரின் இந்திய வாழ்வு பெங்களூரில்தான் தொடங்கியது.

அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். காய்ச்சலுடன் வந்தவர் ஓராண்டுக்குப் பின் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, அங்கே ஊன்றித் தமிழ் பயின்றார். 1901 மார்ச் மாதத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த நிலையில் தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்னொரு முறை அவள் தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடமே ஓடிச் சென்றிருக்கிறாள். திருப்பி அழைத்து வரப்பட்டு, தண்டனையாகக் கைகளில் சூடு போடப்பட்டிருக்கிறாள். அந்த ஒரு குழந்தையிலிருந்து வளர்ந்ததே மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூர் இல்லம். (பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைப் பேசும்போது, அக்குலத்துப் பெண்மணிகள் பேணி வளர்த்த இசைக்கும் ஆடலுக்கும் நாம் பட்டுள்ள கடனை மறந்துவிடலாகாது. வழக்கம் வேறு, கலை வேறு.)

டோனாவூரில் நம் கருத்தைக் கவர்வது அங்கே வாழ்ந்த முறை. குழந்தைகளை அவர் மேனாட்டுப் பிள்ளைகளாக வளர்க்க முற்படவில்லை. உடையும் மொழியும் இந்நாட்டினவாகவே இருந்தன; வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியர்களும் சேலை உடுத்தினார்கள். குழந்தைகளுக்கு அவர் ‘அம்மா’. 55 ஆண்டுகளுக்கு மேல் ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து, 1951 ஜனவரியில் மறைந்தார். தம் சமாதிக்குக் கல் நாட்டக்கூடாது என்று சொல்லியிருந்தமையால், பறவைகள் நீரருந்தும் ஒரு தொட்டியை அமைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள். சூடு பட்ட ஒரு கையை ஆற்றுவதற்கு மருந்து போதும். பெற்ற தாயிடம் ஓடியும் காப்பாற்றப்படாத ஒரு குழந்தையின் உள்ளத்தை ஆற்றுவதற்கு, எங்கும் போய்விடாத ஒருவர் வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் தங்கிவிடும் உறுதியைச் சமய நம்பிக்கை பலருக்குத் தந்திருக்கிறது. சம்பளமும் மாறுதல் உத்தரவும் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு அது அரிய குணமே.

ஆயினும் ஐயம் ஒன்று எழத்தான் செய்கிறது. புகலிடம் தேடி வந்தவளிடம் அவளுடைய மதத்தை விலையாகக் கேட்கலாமா? இது புதிய கேள்வியன்று. கர்நாடகத்து மலைநாட்டில் 1858இல் பிறந்த பண்டித ரமாபாய், 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். அங்கே பெண்கள் கிறிஸ்தவ வழிபாட்டின்பால் ஈர்க்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1893இல் ஆலோசனைக் குழுவினர் விலகிக்கொண்டார்கள். பின்னர் பஞ்சம் வந்தபோது, பசியால் வாடிய பெண்களைத் தீய நோக்குடன் திரட்டிச் செல்லும் தரகர்களை முந்திக்கொண்டு, நூற்றுக்கணக்கானோரைக் கேட்காவ் ஊருக்கு அழைத்து வந்தவரும் அதே ரமாபாய்தான். அங்கே நெசவும் அச்சுத் தொழிலும் கற்பித்தார். இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காத்தவர்மீது சமயத்தைத் திணித்தார் என்ற பழி விழுவதும், அப்பழியில் சிறிது நியாயம் இருப்பதும், பழி கூறியவர்கள் பஞ்ச காலத்தில் அப்பெண்களைத் தேடிச் செல்லாமல் இருந்ததும் நம் நாட்டு வரலாற்றில் காணக்கூடியவையே.

இதனினும் கடுமையான பாடம் ஒன்று அயர்லாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கே கன்னியர் மடங்களைச் சேர்ந்த சலவைச்சாலைகள் இருந்தன. வழி தவறியவர்கள் என்று சமூகம் முத்திரை குத்திய பெண்களும், வேறு போக்கிடமில்லாதவர்களும் அவற்றில் வைக்கப்பட்டார்கள். 1922 முதல் கடைசிச் சலவைச்சாலை மூடப்பட்ட 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் அவற்றுக்குள் சென்றதாக 2013இல் வெளியான அரசாங்க அறிக்கை கூறிற்று. கூலியில்லாத வேலை, பூட்டிய கதவு, பல இடங்களில் சொந்தப் பெயருக்குப் பதில் வேறொரு பெயர். அதே ஆண்டில் அந்நாட்டுப் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அச்சாலைகளுள் சிலவற்றை நடத்தியது நல்லாயன் சபை. அதே சபையைச் சேர்ந்த கன்னியர் 1854இலேயே பெங்களூருக்கு வந்தவர்கள். 1886இல் அந்நகரில் அவர்கள் நிறுவிய புனித மார்த்தா மருத்துவமனையை அறியாத பெங்களூர்த் தமிழர் இரார். இதைக் குறை கூறுவதற்காக எடுத்துரைக்கவில்லை. ஒரே சபை, ஒரே செபம். ஓர் ஊரில் மருத்துவமனை, மற்றோர் ஊரில் சிறை. எனவே நம்பிக்கை எது என்று கேட்டு இல்லத்தை எடைபோட முடியாது. கதவை உள்ளிருப்பவள் திறக்க முடியுமா என்று கேட்கவேண்டும்.

கதவு திறக்காமையின் கொடுமையை மற்றொரு கோணத்தில் கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய அவரிடம், அவ்வழக்கத்திலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் தஞ்சம் புகுந்தனர். சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகள் குலத்தைக் காட்டி அவர்களை ஏற்க மறுத்தன. சட்டம் செய்யச் சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளும் சமூகத்தை அவர் அன்று கண்டார். தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து அடையாற்றில் நிலைபெற்றது. அவர் வேண்டிய சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நிறைவேறியது. கர்நாடகத்தில் அதே நோக்குடைய சட்டம் 1982இல் வந்தது.

இன்றைய மனநல மருத்துவம் இவர்களுடைய அனுபவத்தை வேறு சொற்களால் உறுதி செய்கிறது. ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட நூலில், கொடுமைக்கு ஆளானோர் மீளும் வழியை மூன்று படிகளாக விளக்கினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுதல், மூன்றாவதாக, உலகத்தோடு மீண்டும் உறவு கொள்ளுதல். முதற்படியைத் தாண்டுவதற்கே சிலருக்கு நெடுங்காலம் ஆகிறது. வேளை தவறாத உணவு, தனக்கென்று ஒரு தட்டு, ஒரு பெட்டி, இரவில் அணையாத ஒரு விளக்கு என்பவை சிறியவை போலத் தோன்றலாம். நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் வாழ்ந்த ஒருத்திக்கு, ஆறு மணிக்கு மணி அடிக்கும், ஏழு மணிக்குப் பாட்டு இருக்கும் என்று தெரிந்திருப்பதே ஒரு மருந்து. சமய இல்லங்களின் அன்றாட ஒழுங்கு இவ்வகையில் பெரிதும் உதவுகிறது. மாலைப் பாட்டில் அவள் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தாலும் யாரும் கடிந்துகொள்ளாதிருந்தால், அந்த ஒழுங்கு மருந்தாகிறது. பாடினால்தான் சோறு என்றாகிவிட்டால் அவள் தப்பி வந்த இடத்துக்கும் இதற்கும் வேற்றுமை குறைந்துவிடுகிறது. அங்கும் சோற்றுக்கு ஒரு விலை இருந்தது.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லம் நடத்துவோர் அரசிடம் உரிமம் பெறவேண்டும். அதே சட்டம், மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் வைக்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அவளுடைய விருப்பத்தைக் கேட்கும் வழக்கமோ அரிதாகவே இருந்தது. வயது வந்த பெண்கள் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று பாதுகாப்பு இல்லங்களை ஆராய்ந்து, அத்தகையோரைக் குறித்த காலத்தில் விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் மாநில அரசுகளுக்குப் பணித்தது.

ஸ்ரீராம்புரத்துக்கே திரும்புவோம். தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட ஒரு சிறுமி பெங்களூரில் மீட்கப்பட்டால், காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் இல்லத்திலும் அவளைச் சுற்றி ஒலிப்பது பெரிதும் கன்னடமாகவே இருக்கும். தன் துயரத்தை அவள் யாரிடம் சொல்வாள்? பாதி புரிந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நில்லாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவு செய்ய நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று விதிக்கிறது. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு இதற்கென மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். இரு மொழிகளையும் பழுதறப் பேசும் பெண்மணிகள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், செவிலியர் ஸ்ரீராம்புரத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? தாராவியிலும் தில்லிக் கரோல்பாக்கிலும் இருக்கிறார்கள். நம் நேயர்களிடையே அத்தகையோர் இருப்பின், தத்தம் மாவட்டத்து அலகை அணுகித் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று விசாரிக்கலாம். ஐயத்துக்கிடமான நிலையில் ஒரு குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கும், பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்ணுக்கும் எந்நேரமும் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.