கற்றாழைக் காட்டில் மக்காச்சோளம்

(தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ரயில்கற்றாழையை நீங்கள் அறிவீர்கள். அதன் நாரில் கயிறு திரிக்கலாம், வயிற்றுக்கு உதவாது. அதே இனத்தைச் சேர்ந்த சிசல் என்னும் செடியை 1893ல் ஜெர்மன் காலனிக்காரர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் கொண்டுவந்து நட்டார்கள். நிலம் தோட்டமாயிற்று, உழவன் கூலியானான், நார் கப்பலேறிற்று. பின்னாளில் செயற்கை நார் வந்து விலை வீழ்ந்தது. முதலாளிகள் தோட்டங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படிப் பாழாய்க் கிடந்த ஒரு தோட்டம்தான் தான்சானியாவில், மொரகோரோ நகருக்கு அருகிலுள்ள மசிம்பு. அங்கே எழுந்த பள்ளியைப் பற்றியே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் கறுப்பின மாணவர்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். நிறவெறி சர்க்கார் அவர்களைச் சுட்டது. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் எல்லை தாண்டினார்கள். அவர்கள் படிப்பதற்கென்று 1977ல் நியரேரேயின் சர்க்கார் மசிம்பு நிலத்தை ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குக் கொடுத்தது. 1979 ஏப்ரல் 6ல் பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்ட 22 வயது வீரன் சாலமன் மஹ்லாங்குவின் பெயரை அந்தப் பள்ளிக்கு வைத்தார்கள்.

பெயர் கிடைத்தது, நிலம் கிடைத்தது. சோற்றுக்கு வழி? தான்சானியா ஏழை தேசம். 1978–79ல் இடி அமீனுடன் யுத்தம் வேறு. கடைகளில் சாமான் இல்லை. அடைக்கலம் கொடுத்த ஜனங்களின் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதா? விதேசப் பணத்தை நம்பியே காலம் தள்ளுவதா? பள்ளியும் ஒரு பண்ணையாக இருக்க வேண்டும் என்று நியரேரே 1967லேயே தம் தேசத்துக்குச் சொல்லியிருந்தார். மசிம்புவிலும் கலப்பை இறங்கிற்று. கற்றாழை நின்ற மண்ணில் மக்காச்சோளமும் காய்கறியும் விளைந்தன. பன்றி, கோழி, கறவை மாடு வளர்த்தார்கள்.

உதவி வரவில்லையா? வந்தது. ஸ்வீடன், நார்வே, ஹாலந்து தேசத்து ஜனங்கள் கொடுத்தார்கள். கிழக்கு ஜெர்மனி ஆசிரியர்களை அனுப்பிற்று. ஆனால் தோழர்களே, உதவியில் இரண்டு வகை உண்டு. ஒரு வேளைக் கஞ்சி ஊற்றிவிட்டு, மறுநாளும் வாசலில் வந்து நில் என்பது ஒன்று. அது தர்மம். கையில் மண்வெட்டியும் விதையும் கொடுத்து, உன் நிலத்தில் நீயே விளைவித்துக்கொள் என்பது மற்றொன்று. அதுதான் வர்க்கத் தோழமை. சோறு போடுகிறவன் வாயையும் கட்டுவான் என்பது பண்ணையார் வாசலில் நின்ற நமக்குத் தெரியாதா?

குறைகளையும் மறைக்க மாட்டோம். மண்வேலை எல்லா மாணவருக்கும் பிடித்துவிடவில்லை. படிக்க வந்தவன் களை எடுப்பதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. உள்ளூர்த் தான்சானியத் தொழிலாளர்களும் அங்கே கூலிக்கு உழைத்தார்கள். விடுதலைப் பள்ளியிலும் மூளைக்கும் கைக்கும் நடுவே முதலாளித்துவம் எழுப்பிய சுவர் ஒரே நாளில் இடிந்து விழவில்லை. அதை இடிப்பதும் போராட்டமே.

1992ல் அந்த மாணவர்கள் தாயகம் திரும்பத் தொடங்கிய வேளையில், நிலமும் கட்டிடங்களும் தான்சானியாவிடமே ஒப்படைக்கப்பட்டன. இன்று அது சொக்கோய்ன் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். மஹ்லாங்குவின் பெயரையே தாங்கி நிற்கிறது. விருந்தாளிகள் பாழ்நிலத்தை வாங்கினார்கள். பள்ளியாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தோழர்களே! நிலம், விதை, படிப்பு மூன்றும் உழைப்பவன் கையில் சேரட்டும். அப்போது அவனை எவனும் பட்டினி போட்டுப் பணியவைக்க முடியாது. மசிம்பு கற்றுத்தந்த பாடம் இதுவே.